மூன்றாம் குரலில் ஒரு தட்டு பாக்கி

இசைக் கல்லூரி முழுக்க ஒரே பேச்சு. கம்ப்யூட்டர் லேப் பொறுப்பாளர், காது கேட்காத தன் அக்காவைச் சனிக்கிழமை மதியங்களில் கூட்டி வந்து, தலையில் ஹெட்ஃபோனை மாட்டிவிட்டு இசை போட்டுக் காட்டுகிறாராம். கேட்டவர்களில் பாதிப் பேர் 'பாவம்' என்றார்கள். மீதிப் பேர் முதலில் சிரித்துவிட்டு அப்புறம் 'பாவம்' என்றார்கள்.

வதந்தியின் வாலைப் பிடித்துக்கொண்டு போனால் முதலில் அகப்படுவது கேன்டீன்காரம்மா.

"நான் எங்க பார்த்தேன்? வாட்ச்மேன் பார்த்தாரு. ஆனா அந்தம்மா கத்தினது அடுப்படி வரைக்கும் கேட்டுச்சு."

வாட்ச்மேனைக் கேட்டால், "கதவுக் கண்ணாடி வழியா ஹெட்ஃபோன் வயரைப் பார்த்தேன். அந்தம்மா முதுகைப் பார்த்தேன். மிச்சத்தை நானா சேர்த்துக்கிட்டேன்" என்றார். நேர்மையான மனிதர். சேர்த்துக்கொண்டதை ஒப்புக்கொள்கிறவர்கள் இந்தக் காலத்தில் எத்தனை பேர்?

சேர்த்துக்கொள்ளும் பழக்கமே இல்லாத ஆள் ஒருவர் உண்டென்றால் அது அந்த லேப் பொறுப்பாளர்தான். கல்லூரியில் அவருக்குப் பெயர் ஸ்கிப் சார். எந்த மென்பொருளை நிறுவினாலும் வழியில் அது பணிவாகக் கேட்குமல்லவா, 'இதையும் சேர்த்துப் போடட்டுமா?' என்று? அவர் விரல் 'தவிர்' பொத்தானில் தயாராக நிற்கும். கேள்வியை முழுசாகப் படித்து அவரை யாரும் பார்த்ததில்லை. முன்னொரு பரீட்சைச் சமயத்தில், போனால் போகிறதென்று அனுமதித்த ஒரு உபரிச் சமாச்சாரம் லேபையே முடக்கிப் போட்டுவிட்டது. சூடு கண்டவர். "அவசியம்னா அவனே போட்டிருப்பான்ல? எதுக்கு நம்மளைக் கேக்கறான்?" என்பார். வாதத்தில் ஓட்டை கண்டுபிடிப்பது சிரமம். கல்யாணத்தையும் இதே வாதத்தால்தான் தவிர்த்தார் என்று அவர் அக்கா சொல்லிச் சிரிப்பார்.

அக்கா வீட்டோடு பியானோ சொல்லிக் கொடுத்தவர். விரல் மூட்டுகள் மடங்க மறுத்த பிறகு, வாசிப்பதை விட்டுவிட்டு எழுத ஆரம்பித்தார். இரண்டு வயலின், அதைவிடச் சற்றுப் பெரிய ஒரு வியோலா, எல்லாவற்றிலும் பெரிய ஒரு செல்லோ. நான்கு குரலுக்குமாக ஒரே ஒரு படைப்பு. அது முடிகிற நேரம் பார்த்துக் காதும் கைவிரிக்கத் தொடங்கியது. நரம்புக் கோளாறு, மெல்ல மெல்லப் போய்விடும், நிறுத்த வழியில்லை என்றார் டாக்டர். "கேக்க ஆசைப்பட்டதெல்லாம் இப்பவே கேட்டுக்கோங்கம்மா" என்று அவர் சொன்னபோது தம்பியும் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார்.

அக்காவுக்கு ஆசை ஒன்றே ஒன்று. தான் எழுதியதை ஒரு தடவை வெளியிலிருந்து கேட்க வேண்டும்.

"எங்க பசங்களை வாசிக்கச் சொல்றேன்க்கா. நாலு பேரு தானே?"

"வேண்டாம்டா. உன் முகத்துக்காக வாசிப்பானுங்க, என் வயசுக்காகக் கை தட்டுவானுங்க. மெஷினுக்கு முகதாட்சண்யம் கிடையாது. அது வாசிக்குமா, பாரு."

லேபில் அப்போதுதான் ஓர் இசை ஆய்வு மென்பொருள் வந்திருந்தது. ஒரு படைப்பைக் கொடுத்தால் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துக் கணக்குச் சொல்லும். எந்தச் சுரம் எத்தனை முறை வந்தது, எந்தக் குரல் எங்கே ஏறி எங்கே இறங்கியது எல்லாம் எழுத்தாக வந்து விழும். ஸ்கிப் சார் அதைத் தன் மடிக்கணினியிலும் நிறுவி, அக்காவின் கையெழுத்தைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு சுரமாகத் தட்டி ஏற்றினார். மனிதர் சோம்பேறி இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

மென்பொருள் படித்துவிட்டு ஒரே ஒரு புகார் சொன்னது. மூன்றாம் குரலில், அதாவது வியோலாவில், ஒரு தாளக் கட்டத்தில் ஒரு தட்டு குறைகிறது.

அக்கா நோட்டுத்தாளை மூக்குக்குக் கிட்டே பிடித்துப் பார்த்தார். "அட ஆமாம். முழுங்கிட்டேன் போல. அது உனக்கு நான் பட்ட கடன்னு வச்சுக்கோ, யோசிச்சுத் தர்றேன். இப்ப வாசிக்கச் சொல்லு."

"இது கணக்குதான்க்கா சொல்லும். வாசிக்காது."

"வாசிக்கவே வாசிக்காதா?"

"வாசிக்காதுக்கா."

அடித்துச் சொன்னார். அக்காவும் நம்பினார். வீட்டில் கம்ப்யூட்டர் விஷயத்தில் தம்பி சொல்லுக்கு மறுசொல் கிடையாது. அதன்பின் அக்கா கேட்கவில்லை. வாசலில் அழைப்புமணி அடித்தது கேட்கவில்லை, குக்கர் கூவியது கேட்கவில்லை, ஒருநாள் தம்பி பின்னாலிருந்து கூப்பிட்டதும் கேட்கவில்லை.

அடுத்த கல்வியாண்டில் இசைக் கோட்பாடு நடத்த ஓர் ஆசிரியை புதிதாக வந்தார். வந்த முதல் வாரமே லேபில் உட்கார்ந்து புருவத்தைச் சுருக்கினார்.

"என்ன சார், வெறும் எலும்புக்கூட்டை மட்டும் போட்டு வச்சிருக்கீங்க? சேர்க்கவேண்டியதை எல்லாம் சேர்க்கலையா?"

"எதைம்மா?"

"கூட வர்றது சார். ஒண்ணு ஸ்கோரை, அதான் இசைக்குறிப்பை, அச்சடிச்ச மாதிரி ஸ்க்ரீன்ல காட்டும். இன்னொண்ணு அப்படியே வாசிச்சுக் காட்டும். நிறுவும்போதே கேக்குமே, போடட்டுமான்னு?"

சொல்லிக்கொண்டே அவரே நிறுவிவிட்டார். மேசைமேல் இருந்த டீ ஆடை கட்டுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. ஏதோ ஒரு பயிற்சிக் கோப்பைத் திறந்ததும் ஸ்பீக்கரிலிருந்து நான்கு குரல்கள் கிளம்பின. "நல்லா வருதுல்ல சார்?" என்று திரும்பினால், ஸ்கிப் சார் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். டீயை அன்று யாரும் குடிக்கவில்லை.

சாயங்காலம் வீட்டில் மடிக்கணினியைத் திறந்து, அந்தக் கேள்வியை மறுபடி வரவழைத்து, வாழ்க்கையில் முதல்முறையாகக் கடைசி வரைக்கும் படித்தார். 'இசையை ஒலியாகக் கேட்கக் கூடுதல் மென்பொருள் தேவை. இப்போது நிறுவலாமா?' இதைவிடப் பச்சையாக ஒரு இயந்திரம் கேட்க முடியாது.

அக்காவிடம் மறைக்கவில்லை. எதிரே உட்கார்ந்து, உதடு புரியும்படி நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அக்கா இரண்டு தடவை சொல்லச் சொன்னார். முதல் தடவையே புரிந்துவிட்டது என்று தம்பிக்குத் தெரியும்.

"கேட்டுச்சா? உன்னைக் கேட்டுச்சா அது?"

"கேட்டுச்சுக்கா."

"நீ வேண்டாம்னுட்டே."

"ஆமாக்கா."

அக்கா எழுந்துபோய்த் துவைத்த துணியையெல்லாம் மடித்தார். ஏற்கெனவே மடித்து வைத்திருந்ததையும் பிரித்து மடித்தார். அப்புறம் வந்து, "லேப்ல பெரிய ஸ்க்ரீன் இருக்குல்ல? சனிக்கிழமை கூட்டிட்டுப் போ" என்றார்.

ஆக, வதந்தி பாதி சரி. அக்கா வருகிறார், ஹெட்ஃபோனும் இருக்கிறது. ஆனால் அது ஸ்கிப் சாரின் தலையில் இருக்கிறது. மாட்டிவிடுகிறவர் அக்கா. திரையில் ஸ்கோர் நகரும். அக்கா ஒரு கண்ணால் அதையும் மறு கண்ணால் தம்பியின் முகத்தையும் படிப்பார். தன் குரல் தனக்கே கேட்காததால் அடுப்படி வரைக்கும் கேட்கும்படி கேட்பார்.

"செல்லோ வந்துடுச்சா? எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குக்கா."

"நல்லா இருக்குன்னு இட்டிலியைக்கூடச் சொல்லலாம்டா! என்ன பண்ணுதுன்னு சொல்லு!"

ஸ்கிப் சாருக்கு இசை பற்றிப் பேச வார்த்தை கிடையாது. கல்லூரியில் இத்தனை காலம் இருந்தும் அதைத்தான் முதலில் தவிர்த்தார். திணறி, வியர்த்து, "யாரோ மாடிப்படியில மெதுவா இறங்கி வர்ற மாதிரி இருக்குக்கா" என்பார். அக்கா கண்ணை மூடிக்கொள்வார். அது போதுகிறதா, போதவில்லையா என்று அவர் சொல்வதில்லை. தம்பிக்குக் கேட்கத் தைரியம் இல்லை.

அந்தக் கட்டம் வரும்போது மட்டும் தம்பியின் முகம் தானாகச் சுளிக்கும். ஒரு தட்டு குறைவதால் அங்கிருந்து வியோலா மற்ற மூவரையும் விட்டு முன்னால் ஓடிவிடுகிறது.

"அந்த இடம்தானே?" என்பார் அக்கா. "பாக்கி ஞாபகம் இருக்குடா. யோசிக்கிறேன்."

கோட்பாட்டு ஆசிரியை ஒருமுறை வழி சொன்னார். "ஒரு மௌனத்தைப் போட்டுட்டா சரியாயிடும் சார். அதுவே கேக்குது பாருங்க."

கேட்கத்தான் செய்கிறது. ஒவ்வொரு சனிக்கிழமையும் கோப்பைத் திறந்ததும், குறையும் தட்டை மௌனத்தால் நிரப்பட்டுமா என்று கேட்கிறது. ஸ்கிப் சார் கேள்வியை முழுசாகப் படிக்கிறார். பக்கத்தில் அக்கா ஹெட்ஃபோனின் வயர் சிக்கலைப் பிரித்துக்கொண்டிருக்கிறார். அது அக்காவின் பாக்கி. ஸ்கிப் சார் 'தவிர்' என்பதை அழுத்துகிறார்.