எட்டெழுத்துச் சாவி

ஓசூரில் வண்டிகளுக்கான பிரேக் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் நான் மென்பொருள் பார்க்கிறேன். எங்கள் பிரிவில் மொத்தமே இரண்டு பேர், நானும் என் மேலாளரும். அதனால் நடந்ததற்கு யார் காரணம் என்று தேட அதிக தூரம் போக வேண்டியதில்லை.

நான் அக்கா என்று கூப்பிடும் பெண் ஒருவர் கடைசிப் பரிசோதனையில் இருந்தார். பேரிகைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ், லாரி டிரைவர்களிடம் கன்னடம். அவர் குடும்பத்தில் எல்லோரும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். தொழிற்சாலைக்குள் முதலில் கால் வைத்தவர் அவர்தான். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர், ஆனாலும் என்னை மேடம் என்றுதான் கூப்பிடுவார். வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். வார்த்தெடுத்த பாகத்தில் மயிரிழை விரிசல் இருந்தால்கூட விளக்கின் கீழே ஒருமுறை திருப்பிப் பார்த்து ஒதுக்கிவிடுவார். சரியாக இருந்தால் டேப்லெட்டில் தன் பேரைத் தொட்டு, ரகசிய எண்ணைப் போட்டு, பாஸ் கொடுப்பார். அந்த பாஸ் விழாமல் ஒரு பெட்டியும் லாரி ஏறாது.

அவர் எண்ணைப் போட்டதும் டேப்லெட் ஒரு டோக்கன் தயாரிக்கும். இன்னார், இத்தனை மணிவரை செல்லும் என்று எழுதி, அடியில் ஒரு கையெழுத்து வைக்கும். அந்தக் கையெழுத்து ஒரு ரகசியச் சாவியைக் கொண்டு கணக்கிடப்படுவது. சாவி என்றால் இரும்பு இல்லை, வெளியே யாருக்கும் தெரியக்கூடாத எழுத்துகளின் வரிசை. அதே சாவி சர்வரிடமும் இருக்கும். கையெழுத்து பொருந்தினால் சர்வர் வேறு எதுவும் கேட்காது, நம்பிவிடும். ஆகவே சாவியை ஊகிக்க முடிந்த எவரும் யார் பேரில் வேண்டுமானாலும் டோக்கன் எழுதலாம்.

எங்கள் சாவி எட்டே எழுத்து. நிறுவனத்தின் சுருக்கப் பெயர், அதற்குப் பின்னால் ஒன்று இரண்டு மூன்று நான்கு. டேப்லெட் விற்றவர்கள் வைத்துவிட்டுப் போனது. பிறகு அவர்கள் கடையையே மூடிவிட்டார்கள். ஏதாவது ஒரு டோக்கன் கையில் கிடைத்தால் போதும், சாதாரண லேப்டாப்பில் சொல் சொல்லாகப் பொருத்திப் பார்த்து டீ ஆறுவதற்குள் சாவியைக் கண்டுபிடித்துவிடலாம். நானே செய்து பார்த்திருக்கிறேன்.

டோக்கனைச் சரிபார்க்க வெளியார் எழுதிவைத்த ஆயத்த நிரல் ஒன்றைப் பயன்படுத்துகிறோம், அந்த லைப்ரரிக்குப் புதிய பதிப்பு வந்தது. முப்பத்திரண்டு எழுத்துக்குக் குறைந்த சாவியை அது ஏற்காது. சின்னதாகக் கொடுத்தால் பிழை காட்டி நின்றுவிடும். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நான் சொல்லிக் கேட்காதவர்கள் லைப்ரரி சொன்னால் கேட்டுத்தானே ஆக வேண்டும்? ஒரு ஞாயிற்றுக்கிழமை நீளமான சாவி ஒன்றை உருவாக்கி சர்வரிலும் டேப்லெட்டுகளிலும் ஏற்றினேன். புதிய டேப்லெட் ஒன்றில் சோதித்தேன், வேலை செய்தது. பழையவை நான்கும் பதினாறு எழுத்தோடு சாவியை வெட்டிவிடும் என்பது எனக்குத் தெரியாது. அவற்றில் நான் சோதிக்கவில்லை. அது என் தவறு.

திங்கள் காலை ஷிப்டில் அந்த நான்கிலும் கையெழுத்து சர்வரோடு பொருந்தவில்லை, ஒரு பாஸும் விழவில்லை. உற்பத்தித் தலைவர் நேராக என் மேஜைக்கு வந்தார்.

“இன்னாம்மா பண்ணி வச்சிருக்கே? லைன் நின்னுபோச்சு, லாரி கேட்ல நிக்குது.”

“சார், அந்தப் பழைய டேப்லெட் நாலையும் மாத்தணும். சாவி சின்னதா இருந்தா யார் வேணும்னாலும் யார் பேர்லயும் பாஸ் போடலாம்.”

“நம்ம பிரேக்குக்கு எவன்மா கள்ளக் கையெழுத்து போடப் போறான்? பழையபடி பண்ணு. அப்புறம் பாத்துக்கலாம்.”

அந்த லைப்ரரியில் சாவியின் நீளத்தைப் பார்க்கும் சோதனையை நிறுத்திவைக்க ஒரு வழி இருந்தது. ஒரே வரி. அந்த வரியை எழுதி, எட்டெழுத்தைத் திரும்ப வைத்தேன். பக்கத்தில் ‘தற்காலிகம்’ என்று குறிப்பும் போட்டேன். டேப்லெட் மாற்றச் சொல்லி மெயில் எழுதப் போனபோது மேலாளர் தடுத்தார். “இதையெல்லாம் எழுத்துல வைக்காத. ஆடிட்ல மாட்டிக்கும். வாயால சொல்லியாச்சுல்ல?” சரி என்றேன். பிறகு ஒருமுறை நினைவுபடுத்தினேன். அதற்கப்புறம் விட்டுவிட்டேன்.

சில மாதங்கள் கழித்து வாடிக்கையாளரிடமிருந்து ஒரு பெட்டி வரிசை முழுவதும் திரும்பி வந்தது. எல்லாவற்றிலும் விரிசல். வெறும் கண்ணுக்கே தெரிந்தது. பதிவில் அந்த அக்காவின் பேர் இருந்தது. மதியம் இரண்டேகாலுக்கு பாஸ்.

அவர் என்னிடம்தான் வந்தார்.

“மேடம், அன்னைக்கு நான் ரெண்டே முக்காலுக்குத்தான் உள்ளேயே வந்தேன். ராயக்கோட்டைல மகளைப் பாத்துட்டு வந்துக்கினு இருந்தேன். சானமாவு காட்டுகிட்ட ஆனை ரோட்டுக்கு வந்துடுச்சுன்னு பஸ்ஸ நிறுத்திட்டாங்க. இல்லாத ஆளு எப்படி மேடம் பாஸ் போடும்?”

“கேட்ல எழுதியிருப்பாங்களேக்கா?”

அவர் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். லேட்டானால் அரை நாள் விடுப்பாகிவிடுமே என்று இரக்கப்பட்டு, கேட்டில் இருந்த காவலாளி அவருக்கு இரண்டு மணி என்றே எழுதியிருந்தார். இப்போது உண்மையைச் சொன்னால் அந்தக் காவலாளியின் வேலையும் போகும். அவர் வாயைத் திறக்க மாட்டார்.

சர்வர் பதிவுகளை இரண்டு நாள் தோண்டினேன். பேரும் நேரமும் மட்டும்தான் இருந்தன. டோக்கனை நாங்கள் சேமித்து வைப்பதில்லை. கள்ளக் கையெழுத்தும் நல்ல கையெழுத்தும் பதிவில் ஒரே மாதிரிதான் இருந்தன. அன்று பெட்டிகளை அனுப்ப அவசரப்பட்டவர்கள் பலர். அவர்களில் யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

விசாரணைக்கு என் மேலாளர், உற்பத்தித் தலைவர், பணியாளர் பிரிவு அதிகாரி மூவரும் உட்கார்ந்தார்கள். முதல் நாள் என்னைக் கூப்பிட்டார்கள். லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போனேன். அவர்கள் கண்ணெதிரில், சோதனைக்கென்று வைத்திருக்கும் பொய்ப் பெட்டி ஒன்றுக்கு உற்பத்தித் தலைவர் பேரில் பாஸ் போட்டேன். அவருடைய போனில் செய்தி வந்து விழுந்தது. எடுத்துப் பார்த்தார். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

“அப்போ அன்னைக்கும் இதை நீயே பண்ணியிருக்கலாம், இல்லையா?” என்றார் உற்பத்தித் தலைவர்.

அதிகாரி அடுத்துக் கேட்டார்: “அந்தச் சோதனையை எடுத்துவிட்டது யாரு?”

மென்பொருளின் மாற்றப் பதிவில் யார், எப்போது, எந்த வரியை மாற்றினார்கள் என்பது இருக்கும். அந்த வரிக்கு நேரே என் பேர் இருந்தது. எடுக்கச் சொன்னவர் எதிரே உட்கார்ந்து போனைத் திருப்பி மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். நான் மேலாளரைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தார். என்னிடம் ஒரு மெயில்கூட இல்லை.

மறுநாள் மேலாளர் ஒரு தாளைக் கொண்டுவந்தார். ‘குறிப்பிட்ட தேதியில் மென்பொருள் வழக்கம்போல் இயங்கியது’ என்று இருந்தது. “இதுல பொய் எதுவும் இல்லையே. கையெழுத்து போடு. இல்லாட்டி நீயும் அந்தம்மாவும் ரெண்டு பேரும் போவீங்க.” பொய் இல்லைதான். வழக்கம்போலத்தான் இயங்கியது. விருதுநகரில் அம்மா டயாலிசிஸில் இருக்கிறாள், இந்த வேலையின் காப்பீட்டில்தான் அது நடக்கிறது. இதை நான் சமாதானமாகச் சொல்லவில்லை. அந்த நேரத்தில் மனதில் ஓடியதைச் சொல்கிறேன். கையெழுத்துப் போட்டுத் தாளைக் கொடுத்துவிட்டேன்.

அந்த வார முடிவில் அக்காவை அனுப்பிவிட்டார்கள். ஷிப்ட் விடும் நேரத்தில் லாக்கரைக் காலிசெய்துவிட்டு, டிபன் பாக்ஸோடு என் அறைக் கதவுவரை வந்தார். நான் யாருடனோ போனில் பேசுவதுபோல் திரும்பிக்கொண்டேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த மாதமே புதிய டேப்லெட்டுகள் வந்தன. வாடிக்கையாளர் ஆடிட்டுக்கு வரப்போகிறார் என்றதும் நான்கையும் ஒரே நாளில் மாற்றினார்கள். நான் நீளமான சாவியை ஏற்றினேன், அந்த ஒரு வரியை அழித்தேன், சோதனையைத் திரும்பக் கொண்டுவந்தேன். அரை மணி நேர வேலை. இனி யாராவது சின்னச் சாவியை வைத்தால் சர்வர் எழுந்திருக்கவே எழுந்திருக்காது. ஆடிட்டர் பாராட்டினார். உற்பத்தித் தலைவர் என் பக்கம் கைகாட்டி, “எல்லாம் இவங்க வேலை” என்றார்.

பேரிகைக்குப் போனேன். சந்தை நாள். தக்காளிக் கூடைகளுக்கு நடுவில் அக்காவைக் கண்டுபிடித்தேன். ரோஜாப் பண்ணை ஒன்றில் பூப் பறிக்கப் போவதாகச் சொன்னார். விரல்களில் பிளாஸ்திரி சுற்றியிருந்தார். சாவி, டோக்கன், அந்த ஒரு வரி, நான் கையெழுத்திட்ட தாள், எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். சாவி விஷயம் அவருக்கு எவ்வளவு புரிந்தது என்று தெரியவில்லை.

“அப்போ, அதை நான் பாஸ் பண்ணலன்னு உங்களுக்குத் தெரியும்?”

“தெரியும்க்கா.”

“தாள்ல போட்ட அன்னைக்கே தெரியுமா?”

“தெரியும்.”

பையிலிருந்த கீரைக்கட்டை எடுத்து, திரும்ப உள்ளே வைத்தார்.

“எனக்கே தெரியல மேடம். கம்ப்யூட்டர் சொல்லுதே, எல்லாரும் சொல்றாங்களேன்னு, நான் லேட்டா வந்தது வேற நாளோ, நான்தான் பாத்துட்டு மறந்துட்டனோன்னு நெனச்சிட்டேன். இன்னா ஆச்சு எனக்குன்னு பயமா இருந்துச்சு. பண்ணைல ஒவ்வொரு பூவையும் ரெண்டு வாட்டி பாக்கறேன்.”

அவருடைய பஸ் வந்தது. போய் ஏறிக்கொண்டார். ஜன்னல் ஓரம்தான் இடம் கிடைத்தது, ஆனால் என் பக்கம் திரும்பவில்லை. நான் என்னென்னவோ சொல்ல நினைத்து வந்திருந்தேன். மன்னிப்பு என்ற சொல்லைக்கூட அங்கே சொன்னதாக நினைவில்லை.