புளிப்பு மிட்டாய்

“அவரைத்தான் கேட்டேன்” என்றபடி மிட்டாய்க் கிண்ணத்தை, கணவரை முந்திப் பதில் சொன்ன மனைவியின் பக்கம் தள்ளுகிறார் டாக்டரம்மா. டாக்டர் இல்லை, குடும்ப ஆலோசகர்தான். அப்படிக் கூப்பிடுகிறவர்களைத் திருத்தித் திருத்தி அலுத்துப்போய் விட்டுவிட்டார். அடுத்தவர் சொல்ல வேண்டிய பதிலைச் சொல்பவர் ஒரு புளிப்பு மிட்டாயை வாயில் போட்டு, அது கரையும்வரை சும்மா இருக்க வேண்டும். அந்த அறையில் இருப்பது இந்த ஒரு சட்டம்தான்.

அதையும் யார் மதிக்கிறார்கள்? மகளிடம் தூக்கம் எப்படி என்று கேட்டால், “எங்கங்க தூங்குது, விடிய விடிய போனுதான்” என்று அம்மா முந்துவார். அப்பா தொண்டையைச் செருமுவதற்குள் மாமியார் தீர்ப்பே சொல்லிவிடுவார். ஒரு பெண்மணி மிட்டாயைக் கடகடவென்று கடித்து விழுங்கிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். அன்று டாக்டரம்மாவுக்குத் தலைவலி மாத்திரை தேவைப்பட்டது.

வார்டு நர்ஸாகக் கால் தேய்ந்த பிறகு அவர் படித்ததுதான் இந்த ஆலோசகர் படிப்பு. பயிற்சியின்போது அறையின் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கவனித்த ஆசிரியை, பாதியிலேயே எழுந்து வந்து, “அவங்க பேச வந்திருக்காங்க. நீ பேசிட்டிருக்க” என்றார். மிட்டாய் முதலில் வாங்கியது தன் வாயை அடைக்கத்தான்.

வீட்டில் கணவருக்குப் பக்கவாதம் வந்து தேறியதிலிருந்து சொற்கள் ஒவ்வொன்றாக, வெகு நேரம் கழித்து வருகின்றன. “நீங்க முடிச்சு வெச்சா அவர் முயற்சி பண்றதையே விட்டுடுவார்” என்று பேச்சுப் பயிற்சி கொடுப்பவர் எச்சரித்திருக்கிறார். டாக்டரம்மாவுக்கா தெரியாது? ஆனால் அடுப்பில் பால் பொங்கும், வாசலில் மணி அடிக்கும். “என்னங்க, தண்ணியா? கண்ணாடியா? ஃபேனா?” என்று அடுக்கிவிடுவார். சில நாட்களாகக் கணவர் வாய் திறப்பதில்லை. தலையை மட்டும் ஆட்டுகிறார்.

நேற்று மகன் போனில் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் அப்பாவிடம் உடம்பு எப்படி என்று கேட்டான்.

“நல்லா இருக்காருடா. மாத்திரை போட்டாச்சு, நடந்தாச்சு.”

“அம்மா, நான் அவரைத்தான் கேட்டேன்.”

எனக்கே பாடமா என்று டாக்டரம்மாவுக்குச் சுள்ளென்றது. அதற்குள் கணவரின் உதடுகள் அசைந்தன. “நா...” என்றார். நின்றது. மறுபடி “நா...” என்றார். மிச்சச் சொல் டாக்டரம்மாவின் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. போனை அவர் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, கைப்பையைத் துழாவி, ஒரு மிட்டாயின் தாளைப் பிரித்துத் தன் வாயில் போட்டுக்கொண்டார்.