ஓவிலா ஷாரெட் கடைசியாகப் பற்றவைத்த சுருட்டு

அமெரிக்காவில், பாஸ்டனுக்குப் பக்கத்து லோவெல் நகரத்தில் நெஞ்சழுத்தக்காரர் என்று பெயர் வாங்கியவர் ஓவிலா ஷாரெட். அந்தப் பெயரை அவருக்குச் சம்பாதித்துக் கொடுத்தது ஒரு சுருட்டு. நானறிந்தவரை அவரைப்போல் பயந்த மனிதர் அந்த ஊரில் கிடையாது. தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கிற வேலை. ஒரு கடிதத்தை அதற்குரிய அறையில் போட்டுவிட்டு இரண்டடி நடப்பார். திரும்பி வந்து சரியாகத்தான் போட்டோமா என்று எட்டிப் பார்ப்பார்.

மாலை நேரத்தில் பிரெஞ்சுக்காரர்களின் செயின்ட் ஹிப்போலைட் பள்ளிக் கூடைப்பந்து அணியின் கோச். இருபத்தாறு வருஷம். நான் அதே பள்ளியில் லத்தீன் வாத்தியார். ஆட்டத்தன்று ஸ்கோர் மேஜையில் உட்காருவேன். அவருக்கும் எனக்கும் நடுவே நாலடி தூரம். அவர் சட்டை முதுகில் எப்போது ஈரம் படர ஆரம்பிக்கிறது என்பதுகூட எனக்கு அத்துப்படி.

சுருட்டு விஷயம் இதுதான். பாஸ்டனில் ஒரு பெரிய கோச் இருந்தார். ஆட்டம் கைக்குள் வந்துவிட்டது என்று அவருக்குத் தோன்றினால் போதும், கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பெஞ்சில் சாய்ந்து சுருட்டைப் பற்றவைப்பார். எதிரணிக்கு அது கன்னத்தில் அறைந்த மாதிரி இருக்கும். எங்கள் பக்கத்து ஆண்பிள்ளைகள் ஜெபம் கற்ற வயதிலேயே அதையும் கற்றுக்கொண்டார்கள்: சுருட்டு எரிந்தால் ஆட்டம் முடிந்தது. ஓவிலாவும் கோச் ஆன முதல் வருஷமே ஒரு சுருட்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வாழ்க்கையில் வேறு எந்தப் புகையும் தொட்டவரில்லை. சுருட்டு அவருக்குக் குமட்டும்.

பாஸ்டன்காரர் கர்வத்தில் பற்றவைத்தார் என்றால் இவர் நடுக்கத்தில் பற்றவைத்தார். இருபது பாயின்ட் முன்னால் இருந்தாலும் கை பைக்குள் போகும், வெளியே வரும், மறுபடி போகும். ஆனால் ஒருமுறை பற்றவைத்துவிட்டால் அவ்வளவுதான்; பையன்களின் தோள் இறுக்கம் விட்டு இறங்கும், எதிரணியின் முகம் தொங்கும். இருபத்தாறு வருஷத்தில் சுருட்டு பொய் சொன்னதில்லை.

எண்பத்தேழாம் வருஷ இலையுதிர் காலத்தில் அதற்கு முடிவு வந்தது. மருந்துக்கடை மதாம் பூலே வீடு வீடாகப் போய் இருநூற்றுப் பதினாலு கையெழுத்து வாங்கினாள், ஆட்டம் நடக்கிற ஜிம்முக்குள் யாருடைய புகையும் கூடாது என்று. ஓவிலா சுருட்டு வாங்குவதே அவள் கடையில்தான். தலைமையாசிரியை சிஸ்டர் க்ளோதில்த் உத்தரவு போட்டார். ஆட்டங்களை நடத்துகிற லீக்கும் சேர்ந்துகொண்டது: பெஞ்சில் பற்றவைத்தால் டெக்னிகல் ஃபவுல், எதிரணிக்கு யாரும் தடுக்காமல் எறிகிற இரண்டு ஃப்ரீ த்ரோ, அதற்கு மேல் பந்தும் அவர்களுக்கே.

இதில் யாரும் தப்பு சொல்ல முடியாது. ஜிம்மில் முதல்முறையாக எதிர்ச்சுவர் கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் அந்த சீசனில் ஹிப்போலைட் அணி மூன்று ஆட்டங்களைப் பன்னிரண்டு, பதினாலு பாயின்ட் முன்னிலையிலிருந்து கோட்டை விட்டது. ஜெயித்துவிட்டோம் என்று பையன்களுக்கு யாரும் சொல்லவில்லை; அவர்களாக நம்பவும் பழகியிருக்கவில்லை.

அதே வருஷம் இன்னொரு செய்தியும் வந்தது. அடுத்த செப்டம்பரில் எங்கள் பள்ளியும், ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஐரிஷ்காரர்களின் செயின்ட் ஃபின்டன் பள்ளியும் ஒன்றாகப் போகின்றன. சிஸ்டர் க்ளோதில்த்தான் தலைமை. கோச் ஒருவர்தான். ஃபின்டன் கோச் டெக்லன் கியோஹேன் முப்பத்து மூன்று வயதுக்காரர்; காலையில் ஆற்றங்கரையில் ஓடுவார், சூயிங்கம் மெல்லுவார். பிப்ரவரியில் இரண்டு அணிக்கும் ஆட்டம். ஜெயிக்கிறவருக்குத்தான் வேலை என்று சிஸ்டர் சொல்லவில்லை. ஊர் சொல்லிவிட்டது.

ஆட்டத்தன்று மத்தியானம் ஓவிலாவின் மனைவி ஃப்ளோரின் பட்டாணி சூப்பை இரண்டு தடவை சூடாக்கினாள்.

"ஓவிலா, ஸ்பூன எடுத்து வாயில வை. சூப்ப உத்துப் பாத்தா வயிறு ரொம்பாது."

"தோத்துட்டா செப்டம்பர்லேருந்து சாயங்காலம் நான் என்ன பண்றது, ஃப்ளோரின்?"

"வீட்ல இரு."

"அதத்தான் கேக்கறேன்."

"நல்லா கேட்ட போ. அந்தச் சுருட்ட ஏன் பையில வைக்கற? அதான் கூடாதுன்னுட்டாங்களே."

"சும்மா. பாரத்துக்கு."

ஆட்டத்துக்கு ஊரே வந்திருந்தது. சிஸ்டர் முதல் வரிசையில், கைகளை மடியில் வைத்து. ஆட்டத்தின் மூன்றாவது கால் பகுதி முடிந்தபோது நாங்கள் பதினாறு பாயின்ட் முன்னால். வேறு எந்த கோச்சாக இருந்தாலும் காலை நீட்டி உட்கார்ந்திருப்பார். ஓவிலாவின் முதுகில் ஈரம் பெல்ட் வரை இறங்கியிருந்தது.

நாலு நிமிஷம் மிச்சமிருக்கும்போது ஆரம்பித்தது. அணித்தலைவன் நோர்மான் லுஸியே பந்தைத் தட்டிக்கொண்டே வந்தவன் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தான். கோச்சின் முகத்தையல்ல, சட்டைப் பையை. அந்த ஒரு நொடியில் பந்து போய்விட்டது. அடுத்த பையனும் பார்த்தான். பதினாறு பதினொன்றாயிற்று, ஒன்பதாயிற்று. ஜனங்களுக்கும் பொறுக்கவில்லை.

"கொளுத்து! கொளுத்து!"

திரும்பிப் பார்த்தேன். எல்லோரையும்விட உரக்கக் கத்திக்கொண்டிருந்தாள் மதாம் பூலே. பக்கத்திலிருந்தவர் அவள் கையைப் பிடித்து இழுத்தார். "மதாம், கையெழுத்து வாங்கினதே நீங்கதானே?"

"அது உடம்புக்கு! இது ஃபின்டன்காரங்களுக்கு! கொளுத்துய்யா ஓவிலா!"

ஒன்பது ஐந்தாயிற்று. ஒரு நிமிஷம் பத்து நொடி பாக்கி. ஓவிலா டைம் அவுட் கேட்டார். பையன்கள் சுற்றி நின்றார்கள். 

"கோச், முடிஞ்சுதா இல்லையா?" என்றான் நோர்மான்.

"இன்னும் ஒரு நிமிஷம் இருக்குடா."

"அத கடிகாரமே சொல்லுது. நீங்க சொல்லுங்க."

"அஞ்சு பாயின்ட் முன்னாடி இருக்கோம். பந்து நம்ம கையில."

"பதினாறு இருந்துச்சு, கோச். எங்களால முடியல. காலு எங்க பேச்ச கேக்க மாட்டேங்குது."

 ஓவிலா கணக்குப் போடுவது எனக்குத் தெரிந்தது, உதடு அசைந்தது. பற்றவைக்காவிட்டால் ஆட்டம் போகும், ஆட்டத்தோடு வேலையும் போகும். பற்றவைத்தால் ஆட்டம் ஒருவேளை நிற்கும். ஆனால் முதல் வரிசையில் சிஸ்டர் உட்கார்ந்திருக்கிறார், வேலை நிச்சயமாகப் போகும். இரண்டு ஃப்ரீ த்ரோ, அப்புறம் அவர்கள் பந்து: ஐந்து மூன்றாகும், மூன்று ஒன்றாகும். எந்தப் பக்கம் போனாலும் பள்ளம். துணை கோச் பெல்ஷா அவர் கை போன இடத்தைப் பார்த்துவிட்டார்.

"ஓவிலா, வேணாம். பைத்தியமா உனக்கு? இன்னும் ஜெயிக்கல."

"தெரியும்."

"ஜெயிக்காம நீ ஒருநாளும் பத்தவச்சதில்ல!"

"அதான் நம்புவாங்க," என்றார் ஓவிலா.

நாலு தீக்குச்சி வீணாயிற்று. ஐந்தாவது குச்சியைப் பெல்ஷாதான் உரசிக் கொடுத்தார், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு. ஓவிலா பெஞ்சில் சாய்ந்து, காலை நீட்டி, கூரையைப் பார்த்துப் புகை விட்டார். அவருடைய இடது முழங்கால் மட்டும் தையல் இயந்திரம் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. அதன்மேல் துண்டைப் போட்டுக்கொண்டார்.

நடுவர் விசில் ஊதினார். டெக்னிகல். என் கையாலேயே எழுதினேன். ஜிம் முழுக்க ஓவென்று ஒரு சத்தம். சிஸ்டர் க்ளோதில்த் அசையவில்லை.

ஃபின்டனின் குறி தவறாத பையன் ஃப்ரீ த்ரோ கோட்டில் வந்து நின்றான். அந்த சீசனில் பத்துக்கு ஒன்பது போடுகிறவன். ஆனால் அவனும் லோவெலில் பிறந்த பையன்தானே. அவன் அப்பாவும் அவனுக்கு அதையேதான் சொல்லி வளர்த்திருப்பார். மூக்கை லேசாகத் தூக்கி மோந்தான். முதல் பந்து வளையத்தின் முன்விளிம்பில் பட்டுக் கீழே விழுந்தது. இரண்டாவது வளையத்தையே தொடவில்லை.

"என்னடா பண்றீங்க? அஞ்சு பாயின்ட்தான்! ஒரு நிமிஷம் இருக்கு!" கியோஹேன் தொண்டை கிழியக் கத்தினார். ஃபின்டன் பையன்கள் அவரைப் பார்த்தார்கள். துக்கம் கேட்கப் போன வீட்டில் பார்க்கிற மாதிரி பார்த்தார்கள். பந்து அவர்கள் கையில் வந்ததும் அவசரமாக ஒரு எறி. நோர்மான் எம்பிப் பிடித்தான். தோள் இறங்கியிருந்தது, கால் பேச்சைக் கேட்டது. ஏழு பாயின்ட் வித்தியாசத்தில் ஜெயித்தோம்.

திங்கட்கிழமை சிஸ்டர் ஓவிலாவைக் கூப்பிட்டனுப்பினார். ஸ்கோர் புத்தகத்தோடு என்னையும் வரச்சொல்லியிருந்தார்.

"மிஸ்டர் ஷாரெட், பத்த வச்சப்போ ஆட்டம் ஜெயிச்சாச்சா?"

"இல்ல, சிஸ்டர்."

"ஜெயிப்போம்னு தெரியுமா?"

"தெரியாது, சிஸ்டர்."

"அப்ப இருநூறு பிள்ளைங்க முன்னாடி புகையும் விட்டீங்க, பொய்யும் சொன்னீங்க."

"ஆமா, சிஸ்டர்."

"பொய்ய நான் மன்னிக்கலாம், அதுக்கு சாமியார்கிட்ட போய்ச் சொல்ற பாவசங்கீர்த்தனம் இருக்கு. புகைக்கு இப்ப விதி இருக்கு." ஸ்கோர் புத்தகத்தைப் புரட்டினார். "எங்கப்பாவும் அப்படித்தான் பாத்துட்டு இருப்பார், டிவில, அந்த பாஸ்டன் கோச்ச. எப்ப பத்தவைப்பார்னு." பிறகு புத்தகத்தை மூடினார். வேலை கியோஹேனுக்குப் போயிற்று.

ஓவிலா அழுவார் என்று நினைத்தேன். படியிறங்கும்போது, "இனிமே ஆட்டத்தன்னிக்கு சாப்பிடலாம்," என்றார். அன்று இரவு ஒன்பது மணி நேரம் தூங்கினாராம். ஃப்ளோரின் மூச்சு வருகிறதா என்று எழுந்து பார்த்தாளாம்.

ஆனால் நவம்பரில், புதுப் பள்ளியின் முதல் ஆட்டத்துக்கு வந்துவிட்டார். மூன்றாவது வரிசை, ஃப்ளோரின் பக்கத்தில். சட்டைப் பை காலி. கடைசி நாலு நிமிஷத்தில் எங்கள் அணி பதினாலு பாயின்ட் முன்னால். பந்தைத் தட்டிக்கொண்டு வந்த பையன் கியோஹேனைத் தாண்டி, பெஞ்சைத் தாண்டி, மூன்றாவது வரிசையைப் பார்த்தான். ஃபின்டனிலிருந்து வந்த பையன்களும் பார்த்தார்கள். அப்புறம் கியோஹேனே, சூயிங்கம் மெல்லுவதை நிறுத்திவிட்டு, திரும்பிப் பார்த்தார்.

"ஓவிலா, கைய அசைக்காத," என்றாள் ஃப்ளோரின்.

அவர் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் செருகிக்கொண்டு, மணி அடிக்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார். முதுகில் ஈரம் பெல்ட்டைத் தொட்டிருந்தது.