சிவப்பில் இருந்த பெயர்

மெல்பேர்னில் என் கணவரின் கல்லறைக்குப் பக்கத்தில் ஒரு சீனக் கல்லறை இருக்கிறது. அந்தக் கல்லில் இரண்டு பெயர்கள் செதுக்கப்பட்டிருந்தன. ஒன்று தங்க நிறம். மற்றது சிவப்பு, அதுவும் அங்கங்கே உரிந்துபோய். மன்னாரில் வளர்ந்த எனக்குக் கல்லறையில் சிவப்பைப் பார்த்துப் பழக்கமில்லை. தங்கப் பூச்சு போய், அடிப்பூச்சு தெரிகிறது என்றே நினைத்தேன்.

ஒரு வேலை அரைகுறையாகக் கிடந்தால் என் கை சும்மா இராது. இறந்தோரை நினைக்கும் ஆத்துமாக்கள் திருநாளுக்கு எங்கள் கல்லின் எழுத்துகளுக்குத் தங்கப் பெயின்ற் பூசினேன். மிச்சத்தில் கொஞ்சத்தை அந்தச் சிவப்புப் பெயருக்குப் பூசினேன். கிரான்பர்னிலிருந்து என்னைக் காரில் கூட்டிவந்த மகள், "ஆரோ ஒருவரின் கல்லறை. உங்களுக்கேன் அம்மா இந்த வேலை?" என்றாள்.

"அதுவும் ஒரு ஆத்துமாதானே பிள்ளை" என்றேன்.

அடுத்த ஞாயிறு, என் வயதுள்ள ஒரு சீனப் பெண் அந்தக் கல்லின் முன் அசையாமல் நின்றார். நான்தான் பூசினேன் என்று பெருமையாகச் சைகை காட்டினேன். அவர் முகம் வெளிறியது. தெரிந்த கொஞ்ச ஆங்கிலத்தில் சொன்னார்: அது அவருடைய பெயர், கணவரின் பெயரோடு முன்கூட்டியே செதுக்கி வைத்தது. தங்கம் என்றால் ஆள் போய்விட்டார். சிவப்பு என்றால் இன்னும் இருக்கிறார்.

உயிரோடு நிற்கிற மனுஷியைச் சாகடித்துவிட்டேன். வெட்கத்தில் கூனிக் குறுகிப் போனேன். அவர் சீன மொழியில் நெடுநேரம் ஏசினார். கேட்டுக்கொண்டு நின்றேன். மகள் போய்ச் சிவப்புப் பெயின்ற் வாங்கி வந்தாள். தங்கத்தைச் சுரண்டி, அவர் பார்த்திருக்க, நானே சிவப்பைப் பூசினேன்.

காரில் கிடந்த தங்கப் பெயின்ற் பேணியைக் குப்பையில் போடப் போனபோது அவர் என் கையைப் பிடித்தார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. தான் போன பிறகு பெயரைத் தங்கமாக்க ஆளில்லை என்றார்.

"அப்போது நீ பூசு."

"ஓம்" என்று தமிழிலேயே சொல்லித் தலையாட்டினேன்.

அதன்பின் இரண்டு வருடம், ஞாயிறுகளில் ஒரே மர வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். அவர் தோடம்பழம் உரித்துத் தருவார். அதிகம் பேசியதில்லை. ஆனாலும் அந்த நாளுக்காகக் காத்திருப்பேன்.

போன மாதம் இரண்டு ஞாயிறு அவரைக் காணவில்லை. மூன்றாவது ஞாயிறு அந்தக் கல்லின் முன் புது மண் கிடந்தது.

பேணியோடு போனேன். முதல் எழுத்தைப் பூசியதும் கை நின்றுவிட்டது. மறுபடி ஏசிக்கொண்டு வரமாட்டாரா என்று வாசலைத் திரும்பிப் பார்த்தேன். பிறகு மிச்ச இரண்டு எழுத்துகளையும் பூசி முடித்தேன்.