மேகமலை ஏற்றத்தில் ஒரு ஜீப் கதவு

மூத்த பேரன் வங்கியில் உதவி மேலாளர். அடுத்தவள் நர்சிங்கில் கல்லூரியிலேயே முதல் மாணவி. செல்வா கபடியில் மாவட்ட அணி. நான் எழுதும் இந்த இணையப் பக்கத்தில் பதிவு ஏற்றுவதும் அவன்தான். கடைக்குட்டி அமலி, ராணுவ வண்டிகளுக்குக் குண்டு துளைக்காத கண்ணாடி செய்யும் கம்பெனியில் இன்ஜினியர். எந்தக் கண்ணாடியை எங்கே மாட்டலாம் என்று திங்கட்கிழமை அவள் சொல்லியாக வேண்டும். பொங்கல் லீவில் வந்தும் அதே யோசனை. மேகமலை போய் வரலாம் என்று நான்தான் கிளப்பினேன்.

காலை ஆறரைக்குச் சின்னமனூரில் ஜீப் ஏறினோம். போக வர வாடகை நாலாயிரம். வனத்துறை செக்போஸ்ட் தாண்டியதும் அவள் யோசனை என்னவென்று கேட்டேன். கண்ணாடி இரண்டு வகை என்றாள் அமலி. ஒன்று, கண்ணாடியை அடுக்கடுக்காக ஒட்டிப் பின்னால் பிளாஸ்டிக் வைப்பது. விலை குறைவு, கனம் அதிகம். மற்றது, பீங்கான் மாதிரி ஒரு பொடியை அழுத்திச் சுட்டுக் கண்ணாடிபோல மெருகேற்றுவது. பாதிக் கனம், நாலைந்து மடங்கு விலை. குண்டைத் தடுப்பதில் இரண்டும் சமமாம்.

"முன்னாடி லேசானது, கதவுக்குக் கனமானது. அப்பத்தான் செலவு கட்டுபடியாகும், அம்மாச்சி."

"என் தம்பி ராணுவத்துல வண்டி ஓட்டுறான், தங்கச்சி. பார்த்துப் போடுங்க" என்றார் ஓட்டுநர் முருகேசன்.

ஒரு வளைவில் பஸ்ஸுக்கு ஒதுங்கியபோது இடப்பக்கச் சக்கரங்கள் ரோட்டோர ஓடையில் இறங்கி, ஜீப் சாய்ந்து நின்றது. இடக் கதவை மண்மேடு அடைத்துக்கொண்டது. வலக் கதவை மேல்நோக்கித் தள்ள எனக்குத் தெம்பில்லை. முருகேசன் தன் பக்கக் கதவு வழியாக வெளியே ஏறி, அதை இழுத்துத் திறந்தார்.

"இட்லி குறைச்சுத் தின்னிருந்தா எந்திரிச்சிருப்பீக, ஆத்தா" என்று என்னைக் கேலி செய்தார்.

அமலி சிரிக்கவில்லை. "வெறுந் தகரக் கதவே இப்படின்னா, அந்தக் கண்ணாடியோட சாஞ்சு கிடந்தா உள்ள இருக்கவுக எப்படித் திறப்பாக?"

"செலவு கூடுமே, ஆத்தா?" என்றேன் அவளிடம்.

"கூடும். முன்னாடி கனமானதப் போட்டுக் கொஞ்சம் குறைக்கலாம். கதவுக்கு லேசானதுதான்னு சொல்லப் போறேன். ஒத்துக்கிருவாகளான்னு தெரியல."

எனக்கும் தெரியாது. ஆனால் அதைச் சொல்லி முடித்து, ஜீப்பை ரோட்டில் ஏற்றிக் கிளம்பிய பிறகுதான் தேயிலைத் தோட்டத்தையே நிமிர்ந்து பார்த்தாள்.

போகிறவர்கள் சாப்பாடு கையில் கொண்டு போங்கள். மேலே கடை குறைவு. மாலை ஆறுக்குள் செக்போஸ்ட்டுக்கு இறங்கிவிடுங்கள். ஒதுங்கி நிற்கும் வண்டியில் அவசரப்பட்டுக் கதவைத் திறக்காதீர்கள்.

செல்வா, பக்கத்தின் முகப்பில் இருக்கும் அமலியின் பட்டமளிப்புப் படத்தை எடுத்துவிடு. சாய்ந்த ஜீப்புக்குள் அமலி மறுபடி ஏறி, இரண்டு கையாலும் அந்தக் கதவைத் தள்ளிப் பார்த்ததை என் போனில் பிடித்திருக்கிறேன். தலைமுடி கலைந்திருக்கிறது, பரவாயில்லை. அந்தப் புதுப் படத்தைப் போடு.