இறங்காதே என்று சொன்னவர்

என் அக்கா புருஷன் ஆல்பர்ட், வேளாங்கண்ணிக்குப் போனபோது கடலைப் பார்த்ததோடு சரி. நைனார்பாளையத்தில் குத்தகை நிலத்தில் மரவள்ளி போடுகிற மனிதர். ஆனால் ஒரு ஜெர்மன் கப்பலின் கதையை அவர் சொல்லாத டீக்கடை இந்தப் பக்கத்தில் கிடையாது.

எல்லாம் மகன் சந்தோஷால் வந்தது. அவன் வேலை பார்த்த சரக்குக் கப்பலை அதன் முதலாளி சம்பளப் பாக்கியும் கொடுக்காமல் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தில் அம்போவென்று விட்டுவிட்டான். இப்போது இறங்குகிறவர்களை ஊருக்கு அனுப்பிவிடுகிறோம் என்று துறைமுகத்தில் சொன்னார்களாம். என்ன செய்யட்டும் என்று சந்தோஷ் போனில் கேட்டான்.

"எறங்காதடா. எறங்கினா உனுக்குன்னு அங்க ஒண்ணும் இருக்காது," என்றார் மாமா.

அதற்கும் காரணம் உண்டு. அவருடைய அப்பா சவரிமுத்து ஒரு கோடையில் வெளியூருக்குக் கரும்பு வெட்டப் போய்த் திரும்பியபோது, அவர் குத்தகை நிலத்தில் வேறொருவன் ஏர் ஓட்டிக்கொண்டிருந்தான். அன்றிலிருந்து கல்யாணமோ சாவோ, அந்த வீட்டு ஆள் ஒருவர் நிலத்தில் இருந்தே ஆகவேண்டும். கப்பலையும் மாமா குத்தகை நிலம் என்றே நினைத்தார். கடலை யார் வந்து உழப்போகிறார்கள் என்று கேட்டேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இன்றைக்கும் எனக்கு அந்த ஆத்திரம் ஆறவில்லை.

அந்தச் சமயத்தில்தான் செல்போனில் அந்த ஜெர்மன் கப்பலின் வீடியோ அகப்பட்டது. ஃபாட்டர்லாண்ட், 1914இல் ஓட ஆரம்பித்தபோது உலகத்திலேயே பெரிய கப்பல். நியூயார்க் பக்கம் போயிருந்த நேரத்தில் முதல் உலகப் போர் மூண்டது. கடலுக்குள் போனால் ஆங்கிலேயர் பிடித்துக்கொள்வார்கள் என்று அங்கேயே நின்றுவிட்டது. மாலுமிகள் பலர் வருடக்கணக்கில் அதிலேயே குடியிருந்தார்கள், பேண்டு வாத்தியமெல்லாம் வாசித்துக்கொண்டு.

வெள்ளைக்காரனே இறங்கவில்லை பார் என்பார் மாமா. அதோடு வீடியோவை நிறுத்திவிடுவார், நெட் தீர்ந்துவிடுமாம். என் அக்கா ஏஞ்சலின் அழும்போதெல்லாம் இந்தப் பாதிக் கதைதான் ஆறுதல். அவளோ, பிள்ளை வந்து இறக்கட்டும் என்று கிறிஸ்துமஸ் ஸ்டாரை வாசலிலேயே விட்டுவைத்திருந்தாள். சிவப்புத் தாள் வெளுத்துக் கிழிந்து குச்சிதான் மிச்சம்.

சந்தோஷின் கப்பலில் கூட இருந்த சின்னசேலம் வீரமணி, சொன்ன உடனே இறங்கியவன். ஊருக்கு வந்து கல்யாணமும் வைத்துவிட்டான். அவன் பத்திரிகை கொடுக்க வந்தபோது மாமா நிலத்துக்குப் போய்விட்டார்.

போன ஞாயிறு பூசை முடிந்து வரும் வழியில் சந்தோஷ் கூப்பிட்டான். கப்பலை யாரோ ஏலத்தில் எடுத்துவிட்டார்களாம். பழைய பெயரை அழித்து வேறு பெயர் எழுதுகிறார்களாம்.

மாமா நடுவழியில் நின்று சொன்னார். "எல்லாத்தையும் வுட்டுட்டு எறங்கி வந்துடுப்பா."

"இப்ப எறங்க முடியாதுப்பா. பேப்பரெல்லாம் காலாவதியாயிடுச்சி. கரையில கால் வச்சா புடிச்சி உள்ள போட்டுருவாங்க."

சாயங்காலம் போனை என்னிடம் நீட்டி, வீடியோவின் மீதியைப் போடச் சொன்னார். 1917இல் அமெரிக்காவும் போரில் இறங்கியது. கப்பலைப் பறித்துக்கொண்டு, அதில் இருந்தவர்களைப் பிடித்துப் போய் முகாமில் அடைத்தார்கள். லெவியாத்தன் என்று புதுப் பெயர் வைத்து, ஜெர்மனியோடு சண்டை போடப் போகிற சிப்பாய்களை அதிலேயே ஏற்றினார்கள். கடைசியில் ஸ்காட்லாந்தில் உடைத்துப்போட்டார்கள்.

மாமா முழுவதையும் பார்த்தார்.

"அவங்கள எறங்காதன்னு யாரு சொன்னது?" என்று என்னிடம் கேட்டார்.

வீடியோவில் அது இல்லை. மறுநாள் அவர் நிலத்துக்குப் போகவில்லை. தனக்குப் பதிலாக யாரையும் அனுப்பவும் இல்லை.