யாரும் எழுந்து ஆடக்கூடாத பாட்டு

திங்கட்கிழமை காலை அண்ணனுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஊருக்கு வெளியே ஹெப்பகோடியில் அவர் வேலை பார்க்கும் தொழிற்சாலையில், ஸ்டோர்ஸ் பிரிவில் ஓர் இடம் காலியாகியிருந்தது. என் கணவருக்காக மேலாளரிடம் பேசி வைத்திருந்தார்.

"பி.எஃப். இருக்கு, ஞாயித்துக்கெழமை லீவு இருக்கு. மனுஷன் மாதிரி காலையில போய் சாயங்காலம் வீட்டுக்கு வரலாம். மாப்பிள்ளைகிட்ட நல்ல விதமா சொல்லும்மா. திங்கக்கிழமைக்கு மேல என்னால பிடிச்சு வைக்க முடியாது" என்றார்.

என் கணவர் டி.ஜே. எங்கள் கல்யாணப் பேச்சின்போது, பையன் மியூசிக் லைனில் இருக்கிறான் என்று மட்டும்தான் சொன்னார்கள். அப்பா அதைக் கோவில் பாடகர் குழு போல ஏதோ என்று எடுத்துக்கொண்டு தலையாட்டிவிட்டார். கோவில் என்றால் எங்களுக்கு மாதா கோவில். பிறகு உண்மை தெரிந்தபோது கோவிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தாகிவிட்டது. "மைக்செட்காரன் ஹெட்போன் மாட்டிக்கிட்டா டி.ஜே.வா?" என்று அண்ணன் அப்போது கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

மைக்செட்காரர் இல்லை அவர். மர்பி டவுனில் வளர்ந்தவர், கல்லூரிக் காலத்தில் நண்பர்கள் வீட்டுக் கல்யாண வரவேற்புகளில் கேசட் போட ஆரம்பித்தார். தொண்ணூறுகளில் ஊரில் தெருவுக்குத் தெரு பப் திறந்தபோது ஒன்றில் சேர்ந்தார். ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த பாட்டை ஒரு காதில் கேட்டு, வேகத்தைக் கூட்டிக் குறைத்துச் சமன் செய்து, இரண்டையும் தையல் தெரியாமல் இணைப்பது அவர் வேலை. வீட்டிலும் பகலெல்லாம் ஒரு பழைய கம்ப்யூட்டரில் தாளம் கோத்துச் சொந்தமாக இசை செய்துகொண்டிருப்பார். அவர் செய்த ஒரு ரீமிக்ஸ் ஊரில் பல பப்புகளில் ஓடியது. சி.டி. உறையில் யாருடைய பெயரும் இல்லை. "பேரு அடுத்த தடவை வரும்" என்பார். பம்பாயிலிருந்து வரும் டி.ஜே.க்களுக்கு வாசலில் ஆளுயரப் படம் வைப்பார்கள். அவர்கள் வருவதற்கு முன்னால் கூட்டத்தைச் சூடேற்றிக் கொடுப்பது இவர்.

இதெல்லாம் எனக்குப் பழகிவிட்டது. அந்த வருடம் வந்த பயம் வேறு. மது பரிமாறும் இடத்தில் யாரும் ஆடக்கூடாது என்ற விதியைக் கெடுபிடியாகப் பிடிக்க ஆரம்பித்திருந்தார்கள். பாட்டு போடலாம், குடிக்கலாம், சாப்பிடலாம். எழுந்து ஆடினால் குற்றம். ஆடியவரைவிட ஆட வைத்தவரைத்தான் முதலில் கேட்பார்கள் என்று பேச்சு. வேறொரு பப்பில் டி.ஜே.யை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள், பாட்டுகளை இணைக்கும் மிக்ஸர் கருவியையும் சி.டி. பைகளையும் எடுத்துப் போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். அவருக்கும் என் மகள் வயதில் ஒரு குழந்தையாம். அன்றிலிருந்து இவர் சாயங்காலம் பையைத் தோளில் மாட்டினாலே நான் போனைக் கையில் எடுத்துவிடுவேன். மெசேஜ் அனுப்புவேன். பதில் வராவிட்டால் ஜீப்பில் இருக்கிறார் என்று நினைப்பேன். பதில் வந்தாலும், ஜீப்பில் உட்கார்ந்துகொண்டே நான் பயப்படக் கூடாதென்று அனுப்பியிருப்பாரோ என்று நினைப்பேன்.

அவர் சிரிப்பார். "நான் இப்போ ஆட வைக்கிறதே இல்லம்மா. ஆடாம பாத்துக்கறதுதான் வேலை" என்பார்.

அது எப்படி என்று சொல்லியும் காட்டியிருக்கிறார். பாட்டு வாய்க்குப் போக வேண்டும், காலுக்குப் போகக் கூடாது. எல்லாருக்கும் வரிகள் தெரிந்த பாட்டாகப் போட்டால் உட்கார்ந்தபடியே சேர்ந்து பாடுவார்கள். அடித்தாளத்தைக் கொஞ்சம் ஒடுக்கி வைக்க வேண்டும். உடம்பு ஒரு தாளத்தில் ஊறுகிறது என்று தெரிந்தால், ஊறி முடிப்பதற்குள் அடுத்ததுக்குத் தாவிவிட வேண்டும். ஜனங்களும் கெட்டிக்காரர்கள், நாற்காலியை விட்டு எழாமல் தோளை மட்டும் குலுக்கி ஆடப் பழகிவிட்டார்கள். வாசலில் சந்தேகமாக யாராவது வந்தால் மேனேஜர் ஒரு சுவிட்சைத் தட்டுவார். இவர் மேசையில் சின்னச் சிவப்பு பல்பு எரியும். உடனே சாவு வீட்டில் போடுகிற மாதிரி ஒரு பாட்டுக்கு மாறிவிடுவாராம்.

அவர் இதைச் சொல்லும்போது நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் அந்தப் பல்பு கெட்டுப்போனால் என்ன செய்வது என்று பிறகு படுக்கையில் யோசித்துக்கொண்டிருப்பேன்.

சனிக்கிழமை, அண்ணன் சொன்னதை என் கணவரிடம் சொன்னேன். குறையாகப் பேசாமல், வற்புறுத்தாமல், முன்பே யோசித்து வைத்த வார்த்தைகளில் சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

"நீ ஒரு தடவையாவது நான் வேலை செய்றத பாத்திருக்கியா?"

"இல்ல."

"நாளைக்கு மத்தியானம் வா. ஃபேமிலிங்கதான் வருவாங்க. பாத்துட்டு நீ என்ன சொன்னாலும் சரி, செய்றேன்."

முடிவை என் தலையில் வைத்துவிட்டாரே என்று இருந்தது. மறுபக்கம், அவரைக் கேட்காமலேயே மனதுக்குள் முடிவெடுத்து வைத்திருந்தவள் நான்தானே என்றும் இருந்தது.

ஞாயிறு காலை பூசை முடிந்து ஜோகுபாளையத்தில் அம்மா வீட்டில் காபி குடித்தோம். எங்கே போகிறோம் என்று நான் அங்கே சொல்லவில்லை. அவர் முன்னாலேயே வேலைக்குக் கிளம்பிப் போயிருந்தார். மகளுக்கு மஞ்சள் கவுன். இரண்டரை வயது. ஆட்டோவில் ஏறியதிலிருந்து "அப்பா பாட்டு, அப்பா பாட்டு" என்றே வந்தாள்.

இந்திராநகர் பக்கம், பெரிய மரங்களின் கீழ் மேசை போட்ட இடம். நான் கற்பனை செய்திருந்த இருட்டும் புகையும் அங்கே இல்லை. வெயில் இலைகளுக்கிடையே விழுந்துகொண்டிருந்தது. பீர் ஜாடிகளுக்குப் பக்கத்தில் குழந்தைகளின் பால் பாட்டில்கள். என் கணவர் ஓரமாக ஒரு சின்ன மேடையில், கழுத்தில் ஹெட்போனுடன் நின்றிருந்தார். வீட்டில் தண்ணீர்க் குடத்தைக்கூடத் தளும்பவிட்டுக் கொட்டுகிறவர், அங்கே எதையும் இரண்டு விரலால்தான் தொட்டார். அவர் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. மேசைகளுக்கு அடியில் கால்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மேசையில் செருப்புக் கால் தரையைத் தட்ட ஆரம்பிக்கும். சற்று நேரத்தில் பாட்டு மாறும். தட்டிய கால் என்னவோ மறந்துபோன மாதிரி நின்றுவிடும். யாருக்கும் குறை தெரியவில்லை. எல்லாரும் பாடிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தார்கள்.

இவ்வளவு திறமையா என்று பெருமையாக இருந்தது. கூடவே, இவ்வளவு திறமையும் இதற்கா என்று என்னவோ செய்தது.

மேனேஜர் மங்களூர்ப் பக்கத்து ஆள். தமிழ் நன்றாகவே பேசுவார். எங்கள் மேசையில் உருளைக்கிழங்கு வறுவலை வைத்தபடி குனிந்தார்.

"மேடம், திரும்பாம பாருங்க. கடைசி மரத்தடி டேபிள். போலீஸ்."

திரும்பாமல் எப்படிப் பார்ப்பது? கைக்குட்டையைக் கீழே போட்டு எடுத்தேன். ஒட்ட வெட்டிய தலை. நிமிர்ந்த முதுகு. தனி ஆள்.

"சாப்பிட வந்தவரா இருக்கலாமே?"

"ஞாயித்துக்கெழமை இங்க தனியா யார் மேடம் வருவா? குடிக்கிறது லைம் சோடா! பூட்ஸ் பாருங்க, பூட்ஸ். என் வைஃப் முகம் எனக்கு மறந்தாலும் அந்த பூட்ஸ் மறக்காது."

அந்த மனிதர் மேடையைப் பார்க்கிறார், தட்டைப் பார்க்கிறார், மறுபடி மேடையைப் பார்க்கிறார். என் கணவருக்குக் கண்ணாலேயே சொல்லப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். பல்பு எரிந்ததா இல்லையா என்று என் இடத்திலிருந்து தெரியவில்லை.

இதில் மகளைக் கவனிக்கவில்லை. அவள் நாற்காலியிலிருந்து வழுக்கி இறங்கிப் போய்விட்டிருந்தாள்.

மேசைகளுக்கு நடுவே கொஞ்சம் வெற்றிடம் இருந்தது. அதில் நின்று ஆடிக்கொண்டிருந்தாள். ஆட்டம் என்றால் முழங்காலை மடக்கி மடக்கி எழுவது, அவ்வளவுதான். ஒரு கையில் வறுவல் துண்டு, மறுகை வானத்தைப் பார்த்து. தாளம் தப்பவில்லை. பக்கத்து மேசைச் சிறுவன் ஓடி வந்து சேர்ந்துகொண்டான். அவனைப் பிடிக்க எழுந்த அவன் அப்பா, பிடிக்காமல் தானும் இரண்டு அடி போட்டார். "ஏய் மச்சா, சூப்பர்!" என்று யாரோ கத்தினார்கள். கல்லூரிப் பெண்கள் இருவர் எழுந்துவிட்டார்கள். நாற்காலிகள் நகரும் சத்தம். மேனேஜர் வாசல் சுவிட்சை நோக்கி ஓடினார்.

பாட்டு நின்றது.

தேய்ந்து மறையவில்லை, அடுத்ததுக்கு மாறவுமில்லை. அறுந்த மாதிரி நின்றது. பெரியவர்கள் ஒவ்வொருவராக அசட்டுச் சிரிப்புடன் உட்கார்ந்தார்கள். சிறுவனை அவன் அப்பா தூக்கிக்கொண்டார். என் மகள் மட்டும் அந்த அமைதியிலும் இரண்டு மூன்று முறை முழங்காலை மடக்கி எழுந்தாள். பிறகு ஸ்பீக்கரைப் பார்த்தாள். பிறகு அவள் அப்பாவைப் பார்த்தாள்.

"அப்பா, போடு!"

எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. ஒரு கை இன்னும் மிக்ஸரின் மேல் இருந்தது.

"போடுப்பா!"

நான் ஓடிப்போய்த் தூக்கினேன். என் தோளில் குத்தினாள், அலறினாள். மரத்தடி மனிதர் எழுந்து எங்களை நோக்கி வந்தார். குழந்தைதானே சார், குழந்தைக்குச் சட்டம் தெரியுமா என்று கன்னடத்தில் சொல்ல வார்த்தைகளைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"எஷ்டு வயஸ்ஸு?" என்று வயதைக் கேட்டார்.

"எரடூவரே" என்றேன். இரண்டரை.

மகளின் கன்னத்தை ஒரு விரலால் தொட்டுவிட்டு, பில்லுக்கான பணத்தை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அவர் போலீஸ்தானா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. மேனேஜர் சத்தியம் செய்கிறார். என் கணவரோ, சைட்டில் வேலை பார்க்கும் இன்ஜினியராக இருக்கும், பூட்ஸ் அவர்களும்தான் போடுவார்கள் என்கிறார்.

திரும்பும்போது ஆட்டோவில் மகள் என் மடியில் தூங்கிவிட்டாள். அவளை வாங்கிக்கொள்ள அவர் கையை நீட்டினார், பிறகு எழுந்துவிடுவாள் என்று கையைத் திரும்ப இழுத்துக்கொண்டார். அல்சூர் ஏரியைத் தாண்டும்போது சொன்னார்.

"நாளைக்கு உங்க அண்ணன்கிட்ட சரின்னு சொல்லிடு."

இந்த ஒரு வார்த்தையைத்தான் எதிர்பார்த்திருந்தேன். அது வந்தபோது வாங்கிக்கொள்ளத் தெரியவில்லை.

"அந்த ஆளுக்குப் பயந்துட்டீங்களா?"

"அவனா? நிறுத்தறப்போ அவனை நான் பாக்கவே இல்ல. பல்பும் எரியல. மேனேஜர் சுவிட்ச் கிட்ட போறதுக்குள்ளயே நான் நிறுத்திட்டேன்."

"பின்ன?"

"நம்ம பொண்ணும்மா. ஆடறது நம்ம பொண்ணுன்னு தெரியுது, கண்ணு பாக்குது. ஆனா கை போயிடுச்சு. அதுவா போயி நிறுத்திடுச்சு." அந்தக் கையை, ஏதோ இரவல் வாங்கிய பொருளைப் பார்ப்பது போல் பார்த்தார். "எத்தனை வருஷம் ஆட வச்ச கை. ஆறே மாசத்துல இதைக் கத்துக்கிச்சு. இன்னும் கொஞ்ச நாள் போனா வேற எதுவும் அதுக்கு வராது."

"வீட்டுல பண்றது? கம்ப்யூட்டர்ல?"

"அது இருக்கும். அதுக்காகத்தான் சொல்றேன். சாயங்காலத்துல இந்தக் கையை யாருக்கும் குடுக்காம வச்சிருந்தா, ஏதாவது வரும்."

வரும் என்று நம்பினாரா, எனக்காகச் சொன்னாரா என்று அப்போது முடிவு செய்ய முடியவில்லை. நான் போகாமலே இருந்திருந்தால்? நான் போனதால்தான் மகள் வந்தாள். மகள் வந்ததால்தான் பாட்டு நின்றது. நான் வேண்டியதுதான் நடந்தது. ஆனால் அவர் ஜீப்பில் ஏறிவிடக் கூடாது என்று மட்டும்தான் நான் ஜெபமாலை சொல்லி வேண்டினேன், மேடையை விட்டு இறங்க வேண்டும் என்று கேட்கவில்லை. இரண்டும் ஒன்றுதான் என்பது எனக்கு ஏன் முன்பே தோன்றவில்லை என்று இரவெல்லாம் புரண்டேன். பக்கத்தில் அவர் நன்றாகத் தூங்கினார்.

காலையில் அவர் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது மறுபடி கேட்டேன். "சொல்லிடட்டுமா?" வாய் நிறைய நுரையுடன் தலையாட்டினார். போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போனேன்.

"என்னம்மா, மாப்பிள்ளை என்ன சொன்னாரு?" என்றார் அண்ணன்.

"சரின்னாரு."

"அப்பாடா! நான்கூட ராகம் பாடுவாருன்னு நெனச்சேன். இப்போ உனக்கு நிம்மதிதானே?"

எங்கள் வீட்டுக்குள்ளிருந்து மகள் எழுந்து அப்பாவைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. ஹெப்பகோடி போகிற ஓசூர் ரோடு முழுக்க லாரிகள் என்பது அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது.

"அண்ணா, அந்தக் கம்பெனி பஸ்ஸு... டிரைவர் நிதானமா ஓட்டுற ஆளா?"

அண்ணன் போனிலேயே வெடித்துச் சிரித்தார். சிரித்து முடிக்கட்டும் என்று நான் காத்திருந்தேன். எனக்குப் பதில் வேண்டியிருந்தது.